குட்டி யானைக்குக் கியர் வேண்டுமா?

பௌர்ணமி நாளில் மாட வீதிப் பக்கம் சரக்கு இறக்கப் போனவர்களுக்கு இந்தப் பாடு நன்றாகத் தெரியும். கிரிவலக் கூட்டம் ஒரு பக்கம், பூக்கடையும் தேங்காய்க் கடையும் இன்னொரு பக்கம், நடுவில் நம் வண்டி. பத்தடி நகர்ந்தால் ஒரு நிறுத்தம். ஓட்டுநரின் இடது கால் கிளட்சை விட்டு எடுபடுவதே இல்லை. கடைக்கு வந்து சேரும்போது கருகிய வாடை அடிக்கிறது. சில வாரத்தில் மெக்கானிக் கிளட்ச் பிளேட்டைக் கழற்றிக் கையில் கொடுக்கிறார். ரிப்பேர் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். வண்டி நிற்கும் நாட்களில் வாடகை வண்டி பிடித்துச் சரக்கு அனுப்ப வேண்டியிருக்கிறதே, அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

இந்தச் சங்கடத்தால்தான், புது வண்டி எடுக்க நினைக்கும் வியாபாரிகளிடையே "கியர் இல்லாத வண்டியே எடுத்துவிட்டால் என்ன?" என்ற பேச்சு அடிபடுகிறது. கேள்வி நியாயமானது. பதிலை நிதானமாகப் பார்ப்போம்.

சந்தையில் என்ன இருக்கிறது?

2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது சுமார் 700 சி.சி. கொண்ட இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். 16 குதிரைத் திறன். ஏற்றக்கூடிய பாரம் 750 கிலோ. அதாவது 25 கிலோ அரிசி மூட்டை 30. மாட்டு வண்டியும் மூன்று சக்கர வண்டியும் செய்துவந்த வேலையை அது எடுத்துக்கொண்டது. நம் மக்களும் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த், 2016-இல் மாருதியின் சூப்பர் கேரி எனப் பல வண்டிகள் வந்தன.

இவற்றிலும் பொலிரோ பிக்கப்பிலும் கிளட்ச் மிதித்துக் கியர் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பெரிய பிக்கப்புகள் உண்டு. ஆனால் அவற்றின் விலை மளிகை வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே நம் போன்றவர்களுக்குக் கியர் இல்லாத வண்டி என்றால், நடைமுறையில் அது மின்சார வண்டிதான். 2022-இல் ஏஸ் மின்சார வண்டி 600 கிலோ பாரத்துக்கு வந்தது. 2024-இல் ஒரு டன் ஏற்றும் வண்டியும் வந்தது. மூட்டைக் கணக்கில் முன்னது 24, பின்னது 40.

கிளட்ச் ஏன் தேய்கிறது?

என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரம் நின்று நின்று போகும். இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்சின் வேலை. முழுவதும் மிதித்தாலும் முழுவதும் விட்டாலும் பிளேட்டுக்குக் கேடு குறைவு. பாதி மிதித்து வண்டியை ஊரவிடும்போதுதான் பிளேட் உரசிச் சூடேறித் தேய்கிறது. பாரம் கூடினால் உரசலும் கூடும். 30 மூட்டை வண்டியில் 45 மூட்டை ஏற்றிவிட்டு, பிளேட் சரியில்லை என்று கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை.

"ஏ.எம்.டி." என்றொரு வகையைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் 2014-இல் மாருதி செலேரியோ காரில் அது முதலில் வந்தது. அதில் கிளட்ச் பெடல் இல்லையே தவிர, கிளட்ச் பிளேட் இருக்கிறது. காலுக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது, அவ்வளவுதான். நெரிசலில் ஊர்ந்தால் அந்தப் பிளேட்டும் தேயத்தான் செய்யும். நாளைக்குச் சரக்கு வண்டியில் இந்த வகை வந்தால் இதை நினைவில் வைக்க வேண்டும். மின்சார வண்டியில் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவை கொடுப்பதால் கிளட்ச் தேவைப்படுவதில்லை. தேய்வதற்குப் பிளேட்டும் இல்லை.

ஊருக்குள் ஒரு கணக்கு, மலைக்கு ஒரு கணக்கு

ஒரு மொத்த வியாபாரி தினம் 25 கடைக்குச் சரக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடைக்கு நின்று, பின்னுக்கு எடுத்து, கிளம்ப ஆறு முறை கிளட்ச் மிதித்தாலும், கூட்ட நெரிசலைச் சேர்க்காமலே 150 முறை ஆகிறது. தினம் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் ஓடி, இரவில் கடை வாசலிலேயே நிற்கும் இப்படிப்பட்ட வண்டிக்குக் கியர் இல்லாமல் இருப்பது உண்மையான லாபம். கம்பெனி சொல்லும் 150 கிலோமீட்டரை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பாரத்தோடு ஓடும்போது மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும் என்று வைத்துத் திட்டமிட்டால் நடுவழியில் நிற்க வேண்டியிராது.

போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய்ச் சாமையும் புளியும் ஏற்றி வருபவரின் கணக்கு வேறு. ஜவ்வாது மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதைவிடப் பாரத்தோடு இறங்குவதுதான் ஆபத்து. கியர் வண்டியில் இரண்டாம் கியரில் விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. மின்சார வண்டியிலும் இறக்கத்தில் மோட்டார் பிடிக்கும். ஆனால் பேட்டரி நிறைந்திருக்கும்போது அந்தப் பிடி குறைந்துவிடும். மலைமேல் முழுவதும் சார்ஜ் ஏற்றிக்கொண்டு உடனே இறங்குவது நல்லதல்ல. எந்த வண்டியானாலும் டீசலை மிச்சப்படுத்துகிறேன் என்று நியூட்ரலில் இறங்கவே கூடாது. வழியில் நின்றுபோனாலும் ஒரு வேறுபாடு உண்டு. கியர் வண்டியை நியூட்ரலில் போட்டுக் கயிறு கட்டி இழுத்து வரலாம். மின்சார வண்டியை அப்படி இழுத்தால் மோட்டார் கெடும், அதை வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். பெங்களூருக்கும் சென்னைக்கும் அடிக்கடி ஓடுபவருக்கும் இன்றைக்குக் கியர் வண்டியே வசதி.

ஓட்டப்போவது யார்?

வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் முதலாளி, ஓட்டுபவர் வேறொருவர். இங்கேதான் பலரும் தவறு செய்கிறோம். ஓட்டுநர் திடீரென்று நின்றுவிட்டால் முதலாளியோ, மகனோ, மகளோ, கடைப் பையனோ எடுத்தாக வேண்டும். கியர் பழகாதவருக்கு மின்சார வண்டி சுலபம். ஆனால் அதிலேயே பழகியவர், அவசரத்துக்கு எடுக்கும் வாடகைக் கியர் வண்டியில் திணறுவார். வீட்டில் ஒருவராவது இரண்டும் பழகியிருப்பது நல்லது.

உரிமம் பற்றிய சந்தேகமும் தீர்ந்திருக்கிறது. இலகு ரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-இல் தீர்ப்பளித்தது. இதைக் காட்டி இழப்பீட்டை மறுத்துவந்த இன்சூரன்ஸ் வழக்குகளுக்கு அது முடிவு கட்டியது.

வரியையும் பாருங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் என்ஜின் பூட்டிய சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மின்சார வண்டிக்கு 5 சதவீதம். முறையான கணக்கில் வரி கட்டுபவர் சரக்கு வண்டிக்குக் கொடுத்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அவருக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை. தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரருக்கோ அந்த 18-ம் 5-ம் முழுச் செலவு. விலை கேட்கும்போதே ஆடிட்டரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். மின்சார வண்டியானால் கடையின் மின் இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமா என்பதையும் முன்பே பார்க்க வேண்டும்.

முடிவாக நாம் சொல்வது இதுதான். ஊருக்குள் சுற்றும் வண்டிக்குக் கியர் வேண்டாம். மலைக்கும் வெளியூருக்கும் போகும் வண்டிக்குக் கியர் வேண்டும். இரண்டும் கலந்த வேலையானால், வாரத்தில் எது அதிகம் என்று ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். ஷோரூமில் காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பது போதாது. நம் மூட்டையை ஏற்றி, நம் தெருவில், நம் ஓட்டுநரை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வண்டி மாற்ற இப்போது வசதியில்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். நெரிசலில் நின்றால் நியூட்ரல் போட்டுக் காலை எடுக்கவும், மேட்டில் நிற்கும்போது பாதிக் கிளட்சில் பிடிக்காமல் கைப் பிரேக் போடவும் ஓட்டுநருக்குச் சொல்லுங்கள். பழகிக்கொண்டால் அவரைப் பாராட்டி ஏதாவது கொடுங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாகாது.