லட்டு சொல்லாத வலி

எங்கள் வீவக வீட்டில் லட்டு என்ற கினிப் பன்றியை வளர்க்கிறேன். தேர்வு நேரத்தில் அது ஓயாமல் சொறிந்தது. முடியும் கொட்டியது. “மருத்துவரிடம் காட்டு” என்று அம்மா சொன்னார். வெப்பத்தால்தான் என்று நினைத்து இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். ஓர் இரவு முதுகைத் தொட்டதும் வலிப்பு வந்து துடித்தது.

மறுநாள் விலங்கு மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். தோலுக்குள் துளைத்து வாழும் சிரங்குப் பூச்சிகள்! அரிப்பு முற்றினால் வலிப்பும் வருமாம். பின்னங்காலில் ஒரு நகம் வளைந்து பாதத்தைக் குத்திக்கொண்டிருந்ததையும் அவர்தான் காட்டினார். வெட்கமாக இருந்தது.

மருந்தில் லட்டு தேறிவிட்டது. இப்போது ஞாயிறுதோறும் தோலையும் நகங்களையும் பார்க்கிறேன். முன்னங்கால்களில் நான்கு நான்கு, பின்னங்கால்களில் மூன்று மூன்று, மொத்தம் 14 நகங்கள். உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியில் ரத்தக் குழாய் இருப்பதால் நுனியை மட்டும் வெட்டுகிறேன். நம்மைப் போலவே கினிப் பன்றியின் உடலாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. அது குறைந்தால் தோலும் முடியும் கெடும். அதனால் தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுக்கிறேன். படர்தாமரை வந்தால் நமக்கும் தொற்றும் என்பதால் தூக்கியபின் கை கழுவுகிறேன்.

கினிப் பன்றி வலியை மறைக்கும் விலங்கு. வளர்ப்பவர்தான் தேடிப் பார்க்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும், தேர்வு நேரத்திலும்.