ஆறு தீக்குச்சிகளும் அல்ஜிப்ராவும்

கணிதம் என்பது சூத்திரங்களை மனனம் செய்து ஒப்புவிக்கும் வித்தை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அது சிந்தனைக் கலை என்பதை உணரப் பெருநூல்கள் வேண்டியதில்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழிலால் சிவகாசியில் பெருகிய தீக்குச்சிகளே போதும்.

ஆறு குச்சிகளால் நான்கு சமபக்க முக்கோணங்கள் அமைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஒரு முழுக் குச்சி. ஒடிக்கவோ, ஒன்றின்மீது மற்றொன்றைக் குறுக்கே வைக்கவோ கூடாது. மேசைமீது எவ்வளவு மாற்றி அடுக்கினாலும் இரண்டு முக்கோணங்களுக்கு மேல் அமைவதில்லை.

காரணத்தை ஆராய்வோம். நான்கு முக்கோணங்களுக்குப் பக்கங்கள் 12. கையிலுள்ள குச்சிகளோ 6. ஆகவே, ஒவ்வொரு குச்சியும் இரு முக்கோணங்களுக்குப் பொதுவாதல் வேண்டும். சமதளத்தில் வெளியோரக் குச்சியின் ஒரு புறத்தில்தான் முக்கோணம் இருக்கும்; மறுபுறம் வெற்றிடம். எனவே, வெளியோரமே இல்லாத உருவம் தேவை. மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கிடத்தி, அதன் மூன்று முனைகளிலிருந்தும் ஒவ்வொரு குச்சியை உயர்த்தி உச்சியில் இணைத்தால் நான்முகி உருவாகிறது, புதிர் அவிழ்கிறது. மேசையை விட்டு எழக்கூடாது என்று எவரும் விதிக்கவில்லை. அத்தடையை நாமே விதித்துக்கொண்டோம்.

கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (கி.பி. 813-833) பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நெறியும் இத்தகையதே. ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39, அவ்வெண் யாது? அவர் அதனை வரைபடமாக்கினார். அறியாத எண்ணைப் பக்கமாகக் கொண்ட சதுரம். அதன் இரு பக்கங்களில் 5 அகலமுள்ள இரு செவ்வகங்கள். இவற்றின் மொத்தப் பரப்பு 39. மூலையில் மட்டும் ஓர் இடைவெளி. அதை 25 பரப்புள்ள சதுரத்தால் நிரப்பினால் 64 பரப்புள்ள முழுச் சதுரம், பக்கம் 8. அதில் 5 போக, விடை 3. மாணவர்கள் இன்று மனனம் செய்யும் வர்க்கப் பூர்த்தி முறையின் உயிர், காலியான அந்த மூலையில் இருக்கிறது. 'அல்ஜிப்ரா' என்னும் சொல்லும் அவரது நூற்பெயரிலிருந்து பிறந்ததே. வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளுக்கு அந்நூலில் தனிப் பகுதி உண்டு. அவருக்குப் புதிர் பொழுதுபோக்கன்று. உரியவருக்கு உரியதை வழங்கும் கருவி.

சிவகாசித் தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட சிறார்களைக் குறித்து, 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அவர்களது கல்வியையும் வலியுறுத்தியது. அச்சிறார்கள் சென்று சேர வேண்டிய பள்ளி, மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவதுபோல் சூத்திரங்களை அடுக்கும் இடமாக இருந்தால் மாறியது இடம் மட்டுமே. 'எப்படி' என்பதோடு நில்லாமல் 'ஏன்' என்று கேட்கப் பழக்குவதே கல்வி. ஆறு குச்சிகளைக் குழந்தையிடம் தருவோம். விடையை மட்டும் விரைந்து கூறாதிருப்போம்.