மூன்று பொத்தான்கள் போதும்

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஏப்ரல் 13 ஆம் திகதி சுயாதீனத் தொலைக்காட்சியுடன் ஆரம்பமானது. 1982 பெப்ரவரி 15 இல் ரூபவாஹினி வந்தது. அன்று இளைஞர்களாக இருந்தவர்களே இன்று எமது வீடுகளின் மூத்தோர். அக்காலப் பெட்டியில் ஒரு குமிழைத் திருகினால் படம் வரும். இன்னொன்றைத் திருகினால் சத்தம் கூடும். அந்தப் பெட்டியைத் தாமே இயக்கியவர்கள் இன்று, "மகள், இதைக் கொஞ்சம் போட்டுத் தாங்களேன்" என்று பேரப்பிள்ளையிடம் கேட்க வேண்டியிருக்கிறது. குறை அவர்களிடம் இல்லை, கருவி மாறிவிட்டது.

எமது பொல்பிட்டியவை எடுத்துக்கொள்வோம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பகுதி இது. சுற்றிலும் மலைகள். தரைவழியே வரும் அலைகளை மலைகள் மறைத்துவிடுவதால் பல வீடுகளின் கூரைகளில் டிஷ் பூட்டியிருக்கிறார்கள். வானிலுள்ள செய்மதியிலிருந்து வரும் அலையை டிஷ் பிடிக்கிறது. அதைப் படமாக மாற்ற ஒரு பொக்ஸ் தேவை. பொக்ஸுடன் இரண்டாவது ரிமோட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

இது பொழுதுபோக்கோடு முடிகிற விடயமல்ல. 1969 முதல் இயங்கும் எமது நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் தரும் அதே ஆறுகள்தாம் பருவமழையில் பெருக்கெடுக்கின்றன. நோர்ட்டன் பிரிட்ஜ், லக்ஷபான, கெனியன் நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்படும் செய்தியும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையும் தொலைக்காட்சியில் சொல்லப்படுகின்றன. பகலில் பெற்றோர் வேலைக்கும் நாம் படிக்கவும் சென்றுவிட்டால் வீட்டில் இருப்பவர் மூத்தவர் ஒருவரே. அவர் முன்னே நீலத் திரையில் 'நோ சிக்னல்' என்று நின்றால், அந்த எச்சரிக்கை வீட்டுக்கு வந்து சேரவில்லை என்றுதான் பொருள்.

அந்த நீலத் திரை ஏன் வருகிறது? டீ.வி, பொக்ஸ் இரண்டும் தனித்தனிக் கருவிகள். டீ.விக்குப் படம் வர ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் உண்டு. டீ.வி ரிமோட்டிலுள்ள 'சோர்ஸ்' பொத்தான் எந்த வாசலைத் திறப்பது என்று தீர்மானிக்கிறது. சத்தத்தைக் கூட்டப் போய்க் கை தவறி அதை அழுத்தினால் டீ.வி வேறு வாசலுக்குப் போய்விடும். அங்கே யாரும் இல்லை. ஆகவே நீலத் திரை. இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கைக் கழற்றி மீண்டும் போடும்போதும் சில டீ.விகளில் இதுவே நடக்கிறது.

எங்கள் உம்மும்மாவுக்காக நான் செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் டீ.வியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, போட்டவுடன் பொக்ஸின் வாசலே திறக்கும்படி வைத்தேன். பொக்ஸ் எச்.டி.எம்.ஐ கம்பியால் இணைக்கப்பட்டிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 'சி.இ.சி' எனப்படும் வசதியை இரு கருவிகளிலும் திறந்துவிட்டால், பொக்ஸைப் போடும்போது டீ.வியும் தானே விழித்துக்கொள்ளும். கம்பனிக்குக் கம்பனி இதன் பெயர் வேறுபடும். எல்லாப் பொக்ஸிலும் இவ்வசதி இருக்காது. மூன்று நிறக் கம்பியால் இணைத்த பழைய பொக்ஸுக்கு இது பொருந்தாது. ஆனால் சில பொக்ஸ் ரிமோட்டுகளுக்கு டீ.வியின் சத்தப் பொத்தான்களைப் பழக்கிவிடலாம்.

அடுத்து, நூற்றுக்கணக்கான அலைவரிசைகளிலிருந்து அவர் பார்க்கும் ஐந்தாறை மட்டும் விருப்பப் பட்டியலில் சேர்த்தேன். பின் ரிமோட்டில் போடுதல், சத்தம், அலைவரிசை மாற்றுதல் ஆகிய மூன்றையும் விட்டு மற்றவற்றைத் தடித்த டேப்பினால் மூடினேன். மூன்றின் மீதும் நகப்பூச்சில் ஒவ்வொரு துளி இட்டுக் காயவிட்டேன். காய்ந்ததும் சிறு மேடாகும். கண் மங்கலானாலும் விரல் கண்டுபிடித்துவிடும்.

ரிமோட்டின் வரலாறும் இதையே சொல்கிறது. 1956 இல் அமெரிக்காவின் செனித் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் கொமாண்ட்' ரிமோட்டில் நான்கே பொத்தான்கள். அதற்கு பற்றரிகூடத் தேவைப்படவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளேயிருக்கும் உலோகக் கோல் தட்டப்பட்டு, மனிதக் காதுக்குக் கேளாத ஒலியை எழுப்பும். இன்றைய ரிமோட்டுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் இயங்குகின்றன. ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால் அதன் முனையைக் கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமெராவில் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலும் ஒளி மின்னுவது தெரியும். மின்னாவிட்டால் முதலில் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

மூத்தோர் சத்தத்தைக் கூட்டுவதைக் குறைகூறுவோர் பலர். வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்ச சுருதி ஒலிகளை. உயிரெழுத்துகள் கேட்கும், மெய்யெழுத்துகள் நழுவும். 'பல்'லும் 'கல்'லும் ஒன்றுபோல் ஒலிக்கும். சத்தத்தைக் கூட்டுவதால் மட்டும் தெளிவு வராது. மெல்லிய டீ.விகளில் ஒலிபெருக்கி பெரும்பாலும் பின்புறமோ கீழ்ப்புறமோ பார்த்திருப்பதால் ஒலி சுவரில் பட்டே வருகிறது. ஒலி அமைப்பில் பேச்சுக்கோ செய்திக்கோ உரியதைத் தெரிவு செய்யுங்கள். முடிந்தால் அவரது கதிரைக்கருகே சிறிய ஒலிபெருக்கியொன்றை வையுங்கள். அயலவரும் நிம்மதியாகத் தூங்குவர்.

கடைசியாக, சொல்லிக்கொடுக்கும் விதம். ரிமோட்டைப் பறித்து நாமே அழுத்திக் காட்டினால் அவர் பார்ப்பது நமது விரலின் வேகத்தை மட்டுமே. ரிமோட் அவர் கையிலேயே இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு பொத்தான் போதும். மறந்தால் மறுநாளும் அதே பொறுமையுடன் சொல்லுங்கள். நமக்கு எழுத்துப் பழக்கியவர்கள் ஒரே நாளில் பழக்கிவிடவில்லை. அமைத்து முடித்ததும் திரையில் தெரிவதைப் படமெடுத்து வையுங்கள். யாராவது மாற்றிவிட்டால் பழையபடி வைக்க அது உதவும்.

தோழியரே, இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு துண்டு டேப், ஒரு துளி நகப்பூச்சு, விடுமுறை நாளில் ஒரு மணித்தியாலம். பிறரை எதிர்பாராமல் தம் வீட்டில் தாமே செய்தி கேட்கும் உரிமை மூத்தவர் ஒருவருக்குத் திரும்பக் கிடைக்கும்.