பழைய அம்பாசடரின் பெயிண்ட் சுரண்டாமலே எப்படி உரிகிறது?

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரின் கதவைப் பாருங்கள். வெள்ளைக்கு அடியில் கறுப்பு, அதற்கும் அடியில் பச்சை. பெயிண்ட் ரிமூவரைத் தடவிச் சற்று நேரம் விட்டால், பெயிண்ட் கொப்பளித்துச் சுருக்கம் சுருக்கமாக எழும்புகிறது. ஏன்?

சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர் மழையில் நனைவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊறிய காகிதம் விரியப் பார்க்கும். சுவர் விரியாது. வேறு வழியின்றிக் காகிதம் மடிந்து மேலெழும்பும். பெயிண்டிலும் இதேதான். ரிமூவரின் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து அதை உப்பவைக்கின்றன. தகரம் அசையாததால் பிடி விட்டுப்போகிறது. அடுக்குகள் அதிகமென்றால் மறுபடி தடவ வேண்டியதுதான். மேலே பாலித்தீன் தாளால் மூடினால் மருந்து சீக்கிரம் காயாது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் என்ன? பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த தூசி நேரே நுரையீரலுக்குப் போகும். தீயால் பொசுக்குவது அதைவிட மோசம்.

ரிமூவரும் சாதுவல்ல. சிலவற்றில் உள்ள மெத்திலீன் குளோரைடு, உடலுக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும். வீட்டு உபயோகத்துக்கு அமெரிக்கா 2019-இல் தடையே போட்டது. மெத்திலீன் குளோரைடு இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் திறந்தவெளியில், மருந்து தாங்கும் கையுறையோடுதான்.

உரித்த தகரத்தைக் கழுவித் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். துரு காத்திருக்காது.