பிரேக் போட்டது யாரு?

நேர் ரோடு. எதிரெதிரே ரெண்டு கார் சீறிட்டு வருது. யார் முதல்ல ஸ்டீயரிங்கைத் திருப்புறாரோ, அவர் பயந்தாங்கொள்ளி. மற்றவர் ஹீரோ. ரெண்டு பேருமே திருப்பலைன்னா? ரெண்டு பேரும் ஹீரோதான்... மாலை மட்டும் போட்டோவுக்கு!

கேம் தியரியில இதுக்குப் பேர் 'சிக்கன்'. அணு ஆயுத நாடுகள் இந்த ஆட்டத்தைத்தான் ஆடுதுன்னு பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1959-லயே எழுதினார். மூணே வருஷத்துல உலகம் அதை நேர்ல பார்த்துச்சு.

1962 அக்டோபர். அமெரிக்காவுக்கு 90 மைல் பக்கத்துல இருக்கும் கியூபாவில், சோவியத் ஏவுகணைகளை அமெரிக்க உளவு விமானம் படம் பிடிச்சிடுச்சு. குண்டு போட்டா போர். சும்மா இருந்தா தோல்வி. அதிபர் கென்னடி மூணாவதா ஒரு வழி பிடிச்சார். கியூபாவுக்கு ஆயுதம் போகும் கடல் வழியைப் போர்க்கப்பல்களை வெச்சு மறிச்சார். இதுல சூட்சுமம் என்ன தெரியுமா? அடுத்த மூவ் இப்போ எதிராளி கையில! 'முட்டுறியா, திரும்புறியா... நீயே முடிவு பண்ணு!' இந்த மாதிரி பேரத்தை அலசி ஆராய்ந்த தாமஸ் ஷெல்லிங்குக்கு 2005-ல் பொருளாதார நோபல் கிடைச்சுது.

அக்டோபர் 28. ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கிறதா குருஷேவ் அறிவிச்சார். 'கென்னடி ஜெயிச்சுட்டார்'னு உலகமே கை தட்டுச்சு. ஆனா, துருக்கியில இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துடுறோம்னு கென்னடி தரப்பு ரகசியமா வாக்குக் கொடுத்திருந்தது பல வருஷம் கழிச்சுத்தான் வெளியே வந்துச்சு. அதாவது, ரெண்டு காருமே திரும்பியிருக்கு பாஸ்!

இன்னொரு விஷயம் கேட்டா குலை நடுங்கும். தியரியில ஆட்டக்காரர்கள் ரெண்டே பேர். நிஜத்துல? அதுக்கு முந்தின நாள், அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கை வெடிகளைப் போட்டு ஒரு சோவியத் நீர்மூழ்கியை மடக்கின. அதுல அணு டார்பிடோ இருந்தது அவங்களுக்குத் தெரியாது. அதை ஏவிடலாம்னு உள்ளே கொதிப்பு கிளம்ப, வாசிலி ஆர்க்கிபோவ் என்ற அதிகாரி தடுத்தார்னு அதுல இருந்தவங்க பின்னாடி சொன்னாங்க. ஸ்டீயரிங் தலைவர்கள் கையில மட்டும் இல்லைங்க!

அடி வயித்துல புளி கரைச்சதாலோ என்னவோ, 1963-ல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடி 'ஹாட்லைன்' போட்டாங்க.

அதனால, ரெண்டு நாடு முறைச்சுக்கும்போது 'யாரு கெத்து?'ன்னு மட்டும் பார்க்காதீங்க. எதிராளி மானம் போகாம திரும்புறதுக்கு யாரு வழி விட்டு வெச்சிருக்காங்கன்னு பாருங்க. நிஜமாவே ஆடத் தெரிஞ்சவர் அவர்தான்!