வீட்டுக்குள் திடீர் ஒவ்வாமை: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?



வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கிறிஸ்துமஸ் நெருங்கும் நாட்களில், வெளிநோயாளர் பகுதியில் ஒரே முறையீட்டைப் பலரிடமிருந்து கேட்கிறோம். "போன வாரம் வரை நன்றாகத்தான் இருந்தோம். திடீரென்று விடாத தும்மல், கண் அரிப்பு, இரவில் இளைப்பு. வெளியூர் போனால் சரியாகிவிடுகிறது, வீட்டுக்கு வந்தால் மறுபடியும் ஆரம்பிக்கிறது" என்கிறார்கள். வரும்போதே காரணத்தையும் முடிவு செய்துகொண்டு வருகிறவர்கள் பலர். சுவருக்கு அடித்த புதுச் சுண்ணாம்புதான் என்பார் ஒருவர். பிள்ளைக்குப் பால், முட்டை, வாழைப்பழம் மூன்றையும் நிறுத்திவிட்டோம் என்பார் மற்றொருவர்.

ஊகத்தின் பேரில் உணவை நிறுத்தினால் வளரும் பிள்ளை மெலிகிறது. உண்மையான காரணமோ படுக்கையறையிலேயே இருந்துகொண்டு இரவுதோறும் அதன் மூச்சைத் தடுக்கிறது. ஆகவே காரணத்தைத் தேடும் முறையை இங்கே விளக்குகிறோம். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் சற்றுப் பொறுமையும் போதும்.

பழகிய பொருள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகுமா?

"இருபது வருடமாக இதே மெத்தைதானே?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே. ஒரு பொருளை ஏற்கெனவே சந்தித்த உடல், மறுபடியும் அதைச் சந்திக்கும்போது வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதை அவர் கவனித்தார். அதற்குக் காரணமான ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் 1960-களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டது. ஒரு பொருளுக்கு எதிராக இது உடலில் உருவாக மாதங்களோ வருடங்களோ ஆகலாம். அதுவரை எந்தத் தொந்தரவும் தெரியாது. ஆகையால் பழகிய பொருள் என்பதற்காக எதையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடக் கூடாது.

வீட்டில் ஒளிந்திருப்பவை

முதலாவது தூசி உண்ணி. வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு இந்த நுண்ணுயிரே முக்கியக் காரணம் என்பதை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1964-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இதன் நீளம். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று மெத்தை, தலையணை, ரஜாய், சோபா ஆகியவற்றில் வாழ்கிறது. கடிப்பதில்லை. இதன் எச்சம் காற்றில் கலந்து மூக்கில் ஏறுவதே தொல்லை. ஈரப்பதம் மிகுந்த மாதங்களில் பெருகும்.

இரண்டாவது பூசணம். ஓதம் ஏறிய சுவர், பீரோவின் பின்புறம், பரணில் கிடக்கும் அட்டைப் பெட்டிகள், சுத்தம் செய்யாத ஏ.சி. வலை ஆகியவை இதன் இருப்பிடம். மூன்றாவது கரப்பான் பூச்சி. இதன் எச்சமும் உதிர்ந்த உடல் துணுக்குகளும் ஆஸ்துமாவைத் தூண்டும். நான்காவது வளர்ப்புப் பிராணிகள். பூனையின் உமிழ்நீரிலும் தோலிலும் உள்ள புரதமே ஒவ்வாமையைத் தருகிறது. பூனையை வெளியேற்றிய பிறகும் அது பல மாதங்கள் வீட்டில் தங்கியிருக்கும்.

எல்லாம் ஒவ்வாமை அல்ல

புகையும் நெடியும் ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும் எரிச்சல் உண்டாக்கும். பெயிண்ட், பினாயில், சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி ஆகியவை இந்த வகை. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவுக்கு வலை கட்டுவதே நல்லது.

வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் அதை ஒவ்வாமை என்று எண்ண வேண்டாம். மூடிய அறையில் எரியும் கேஸ் கீசர் அல்லது கரி அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நச்சாக இருக்கலாம். உடனே எல்லோரும் வெளியே வந்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நோட்டுப் புத்தகம்

இரண்டு வாரங்களுக்கு எழுதி வாருங்கள்: தொந்தரவு எத்தனை மணிக்கு, எந்த அறையில், என்ன செய்துகொண்டிருந்தபோது தொடங்கியது? முன் வாரத்தில் வீட்டுக்குள் புதிதாக என்ன வந்தது, எதைப் பரணிலிருந்து இறக்கினீர்கள்? வெளியே தங்கிய இரவில் எப்படி இருந்தது? ஒவ்வாமை சில நிமிடங்களிலும் வரும், நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாம் முறையும் வரும். ஆகவே இரவு இளைப்புக்குக் காரணம் மாலையில் ஒட்டடை அடித்ததாகவும் இருக்கலாம்.

பல குடும்பங்களில் கண்டதைச் சேர்த்து ஓர் உதாரணம் சொல்கிறோம். பிள்ளைக்கு அதிகாலை இரண்டு மணிக்கு இளைப்பு. வீட்டார் சுண்ணாம்பைச் சந்தேகித்தார்கள். ஆனால் சுண்ணாம்பு அடித்தது முன் அறையில், பிள்ளை படுப்பது பின் அறையில். பாட்டி வீட்டில் மூன்று இரவுகள் தொந்தரவே இல்லை. அங்கேயும் பாலும் முட்டையும் சாப்பிட்டிருந்தது. நோட்டைப் பார்த்தபோது, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தையும் குடில் பெட்டியையும் இறக்கிய அன்றே பழைய ரஜாயையும் பரணிலிருந்து இறக்கிப் பிள்ளைக்குப் போர்த்தியது தெரிந்தது. அதை அகற்றிய சில நாட்களில் பிள்ளை தூங்கியது. மருத்துவரின் ஆலோசனைப்படி பாலும் முட்டையும் மறுபடியும் கொடுக்கப்பட்டன.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

சந்தேகமான பொருள்களை ஒரே நாளில் எல்லாம் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஒன்றை மாற்றி இரண்டு வாரம் பாருங்கள், பிறகு அடுத்தது. படுக்கையிலிருந்து தொடங்குவது நல்லது. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெயிலில் காயவைத்தால் உண்ணிகள் குறையும், ஆனால் எச்சம் அப்படியே இருக்கும். துவைக்க முடியாத இலவம்பஞ்சு மெத்தைக்கு நெருக்கமாக நெய்த உறை போடுங்கள். தூசி தட்டும் வேலையைத் தொந்தரவு உள்ளவர் செய்ய வேண்டாம். ஈரத் துணியால் துடைப்பது பெருக்குவதைவிட மேல்.

பரிசோதனை எப்போது?

இதன் பிறகும் விளங்காவிட்டால் தோல் பரிசோதனை உதவும். சில சொட்டு மருந்தைத் தோலில் இட்டு இலேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடங்களில் தடிப்பைப் பார்ப்பார்கள். அலர்ஜி மாத்திரைகளைச் சில நாட்கள் முன்பே நிறுத்த வேண்டியிருப்பதால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தடிப்பு வந்ததெல்லாம் நோயின் காரணம் ஆகிவிடாது. அது உங்கள் நோட்டில் உள்ளதோடு பொருந்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. உதடு, நாக்கு வீங்குதல், தொண்டை அடைத்தல், பேச முடியாத மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை கண்டால் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அட்ரினலின் ஊசி தாமதமின்றிக் கிடைப்பது உயிரைக் காக்கும்.

இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, இளைப்பால் அவதிப்படும் பிள்ளை உள்ள அண்டை வீட்டாரிடமும் கொடுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது நோட்டுப் புத்தகத்தையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அதைத்தான் நாங்கள் முதலில் கேட்போம்.