பாதை யாவர்க்கும் பொதுவாகுக!

(மூன்றாமாண்டு மாணவர், வரலாற்றுத் துறை)

மனித நாகரிகத்தின் வரலாற்றைப் பாதைகளின் வரலாறு என்றே கூறிவிடலாம். ஒற்றையடிப் பாதை வண்டிப் பாதையாயிற்று. வண்டிப் பாதை தார்ச்சாலையாயிற்று. சாலைக்கு மேலே பாலம் கட்டி இன்று மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. பள்ளிக்கும், சந்தைக்கும், மருத்துவமனைக்கும், வாக்குச் சாவடிக்கும் மனிதனைக் கொண்டு சேர்ப்பது பாதையே. பாதை இல்லாதவனுக்குப் பள்ளி இருந்தும் இல்லை. மருத்துவமனை இருந்தும் இல்லை.

இந்தப் பாதைகளை நாம் யாரை எண்ணி அமைத்திருக்கிறோம்? கால்கள் வலுவாக உள்ளவர், கண்கள் தெளிவாகத் தெரிபவர், காது நன்றாகக் கேட்பவர் ஆகியோரை மட்டும் எண்ணி அமைத்த பாதை, ஏனையோர்க்குப் பாதையா, மதிலா?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 11 இலட்சத்து 79 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல்லை விடுத்து ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று தமிழக அரசு வழங்கத் தொடங்கியது 2010ஆம் ஆண்டு வாக்கில். பெயர் மாறியது நன்று. படிக்கட்டு மாறிற்றா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

குறை எங்கே இருக்கிறது?

நம்முள் பலர் மூக்குக் கண்ணாடி அணிந்திருக்கிறோம். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் கரும்பலகை தெரியாது. எனினும் நம்மை யாரும் குறையுடையவர் என்று அழைப்பதில்லை. காரணம் என்ன? நம் குறைக்கேற்ற கருவி கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கிறது. அதை அணிவதை உலகமும் இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவரை இப்போது எண்ணிப் பாருங்கள். சமதரையில் அவர் நம்மைப் போலவே விரைந்து செல்கிறார். நூலகத்தில் படிக்கிறார், தேர்வில் எழுதுகிறார், விவாத மேடையில் வெல்கிறார். வகுப்பறை முதல் மாடிக்கு மாற்றப்பட்ட அன்றுதான் அவர் ‘இயலாதவர்’ ஆகிறார். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே அவர் உடலில் எந்த மாற்றமும் இல்லை, மாறியது அறை. அப்படியானால் குறை அவர் காலில் இருக்கிறதா, கட்டடத்தில் இருக்கிறதா? இந்த ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொண்டால், இரக்கத்தின் இடத்தில் கடமை வந்து நிற்கும்.

சங்கிலியும் கண்ணியும்

பயணம் என்பது ஒரு சங்கிலி. வீட்டு வாசல், தெரு, பேருந்து நிறுத்தம், பேருந்து, இறங்குமிடம், அலுவலக வாசல், உள்ளே உள்ள மேசை ஆகியவை அதன் கண்ணிகள். ஆறு கண்ணிகள் உறுதியாக இருந்து ஏழாவது அறுந்திருந்தாலும் சங்கிலி பயன்படாது.

நம் நாட்டில் இத்துறையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று கூறுவது நன்றியின்மையாகும். தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிர்க்குக் கட்டணம் இல்லை; அதே ஆண்டிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன்செல்லும் ஒருவர்க்கும் அது விரிவாக்கப்பட்டது. கால் பாதிக்கப்பட்டோர்க்குப் பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்களை அரசு விலையின்றி வழங்குகிறது. இவையெல்லாம் பாராட்டத்தக்கவை.

ஆயினும் பேருந்தில் ஏற முடியாதவருக்குப் பயணச்சீட்டு இலவசமாக இருந்து என்ன பயன்? ஸ்கூட்டர் அலுவலக வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. வாசலில் உள்ள ஐந்து படிகளை ஸ்கூட்டர் ஏறுமா? சலுகை வேறு, அணுக்கம் வேறு. சலுகை பணத்தைப் பற்றியது. அணுக்கம் அளவைப் பற்றியது. இங்கே தடையாய் நிற்பவை அங்குலங்களும் மில்லிமீட்டர்களுமே.

பேருந்தின் படி

நகரப் பேருந்துகளின் தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்பதற்கு இந்தியாவில் மூன்று வகை அளவுகள் வழங்குகின்றன: 900 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர், 400 மில்லிமீட்டர். முதலாவது நாம் அன்றாடம் ஏறி இறங்கும் உயர்தளப் பேருந்து. கைப்பிடியைப் பற்றி, காலைத் தூக்கி வைத்து, உடலை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். இதில் சக்கர நாற்காலி ஏற வழியே இல்லை; ஏற்ற வேண்டுமானால் இருவர் மூவர் மூட்டையைப் போல் தூக்கித்தான் வைக்க வேண்டும். அவ்வாறு தூக்கி வைக்கப்படும் மனிதரின் மனம் என்ன பாடுபடும்!

மூன்றாவது தாழ்தளப் பேருந்து. இதில் நுழைவாயிலில் படியே கிடையாது. நிறுத்தத்தில் நின்றதும் ஓட்டுநர் ஒரு விசையை அழுத்தினால், காற்று நிரம்பிய தாங்கிகள் தளர்ந்து பேருந்து வாயிற்பக்கமாகச் சில அங்குலம் தாழ்கிறது. யானை மண்டியிடுவது போன்ற காட்சி அது. பின்னர் வாயிலில் மடித்து வைக்கப்பட்டுள்ள பலகையை விரித்தால், சக்கர நாற்காலி யாருடைய தோளும் இன்றி உள்ளே போய்விடும்.

சென்னையில் உயர் நீதிமன்றம்வரை சென்ற நெடிய வழக்குகளுக்குப் பின், 2024 ஆகஸ்டில் இத்தகைய தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன.

“நம் ஊர்ச் சாலைகளுக்குத் தாழ்தளம் ஒத்துவராது, வேகத்தடையில் இடிக்கும், மழைநீரில் நிற்கும்” என்று சிலர் கூறுவர். இது முற்றிலும் தவறான வாதமன்று. ஆனால் அதன் முடிவு என்னவாக இருக்க வேண்டும்? வேகத்தடையை முறையான அளவில் போடுவதும் சாலையில் நீர் தேங்காமல் வடிப்பதும் அல்லவா? சாலை கெட்டிருப்பதைக் காரணம் காட்டி மனிதரை இறக்கிவிடுவது நியாயமாகாது.

பேருந்து மாறினால் மட்டும் போதாது என்பதையும் இங்கு நோக்க வேண்டும். ஓட்டுநர் நிறுத்தத்தை ஒட்டி நிறுத்தாமல் நடுச்சாலையில் நிறுத்தினால், தாழ்தளத்தின் பலகை நடைபாதையைத் தொடாமல் தெருவில் செங்குத்தாக இறங்கும். நிறுத்தத்தை அடைத்து ஆட்டோக்களும் தள்ளுவண்டிகளும் நின்றால் ஓட்டுநரும் என்ன செய்வார்? ஒரு கண்ணி மற்றொரு கண்ணியை நம்பியே இருக்கிறது.

சாய்தளம் என்னும் கணக்கு

நம் அலுவலகங்கள் பலவற்றில் சாய்தளம் இருக்கிறது. ஆனால் அது சாய்தளம்தானா? படிக்கட்டின் ஓர் ஓரத்தில் சிமெண்டைக் கொட்டி மெழுகிய சரிவை அப்பெயரால் அழைத்துவிடுகிறோம். இருசக்கர வண்டியை உள்ளே தள்ளுவதற்கு அது உதவும். சக்கர நாற்காலியில் அதன்மீது ஏற முயன்றவர் பின்புறமாகக் கவிழ்வார்.

கணக்கு மிக எளியது. ஓர் அடி உயரம் ஏறுவதற்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். 1க்கு 12 என்பது விதி. ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகள் என்றால் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர். அதற்குரிய சாய்தளத்தின் நீளம் 540 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 18 அடி. நேராக இடமில்லை என்றால் திருப்பி அமைக்கலாம். திரும்பும் இடத்தில் சமதளம் வேண்டும். இருபுறமும் கைப்பிடி வேண்டும். தரை வழுக்கக் கூடாது. கதவு 900 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் நாற்காலி தடையின்றி நுழையும். கழிவறைக்குள் அது திரும்புவதற்கு 1500 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். இவற்றைக் கட்டும்போதே செய்தால் செலவு சிறிது. கட்டிய பின் இடித்துச் செய்தால் செலவு பெரிது.

காலே கண்ணாக

சென்னை மெட்ரோ ரயில் நிலையங்களில் தரையில் மஞ்சள் நிறத்தில் மேடு பள்ளமான ஓடுகள் பதித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அழகுக்காகப் போட்டது என்று எண்ணுவோரும் உண்டு. அவை பார்வையற்றோர் காலாலும் கோலாலும் படிக்கும் எழுத்துகள். நீண்ட கோடுகள் இருந்தால் ‘மேலே செல்க’ என்று பொருள். வட்டப் புள்ளிகள் இருந்தால் ‘நில், எச்சரிக்கை’ என்று பொருள். இவ்வோட்டை 1965இல் உருவாக்கியவர் ஜப்பானியரான செய்யீச்சி மியாகே. 1967 மார்ச் 18 அன்று ஒக்கயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் உள்ள சாலையில் முதன்முதலாக அது பதிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது.

எழுத்தறியாதவர் எழுதிய கடிதம் போல, இவ்வோடுகளின் பொருள் அறியாமல் பதித்தால் விளைவு விபரீதமே. கோட்டு ஓடுகள் நேராகச் சென்று மின்கம்பத்தில் முட்டினால், ‘செல்க’ என்று சொல்லி மோதவிட்டதாகிறது. ஓடுகளின்மேல் வண்டிகளை நிறுத்தும் நாமும் அந்த எழுத்தை அழித்தவர்களே ஆகிறோம்.

மாணவர் தொடங்கிய மாற்றம்

இம்மாற்றங்கள் எல்லாம் மேலிருந்து தாமே இறங்கி வந்தவையல்ல. இதற்கு அமெரிக்க நாட்டின் ஒரு கல்லூரி வரலாறே சான்று. எட் ராபர்ட்ஸ் என்பவர் 14ஆம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். மூச்சு விடுவதற்கு இரும்பு நுரையீரல் என்னும் பெரிய பொறி தேவைப்பட்டது. 1962இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சேர்ந்தபோது, அப்பொறியை வைக்க விடுதி அறைகள் இடங்கொடுக்கவில்லை; வளாக மருத்துவமனையே அவருக்கு விடுதியாயிற்று. அவரைப் பின்பற்றி மேலும் பலர் வந்தனர். சக்கர நாற்காலியில் சென்ற இம்மாணவர்கள் ஒன்றுகூடி, நடைபாதையின் விளிம்புக் கற்களைச் சரித்துத் தருமாறு நகர மன்றத்தைக் கேட்டனர். 1971இல் நகர மன்றம் அதனைக் கொள்கையாக ஏற்றது. கல்விக் காலத்தில், “இவர் வேலைக்கு இயலாதவர்” என்று எட் ராபர்ட்ஸை ஒதுக்கியது ஓர் அரசுத் துறை. பின்னாளில் அந்தத் துறைக்கே அவர் இயக்குநரானார்!

அதே நாட்டின் டென்வர் நகரில் 1978 ஜூலை 5 அன்று, பேருந்தில் ஏற இயலாத 19 பேர் நடுச்சாலையில் பேருந்துகளை மறித்து இரவு முழுதும் அங்கேயே கிடந்தனர். நாடு முழுதுக்குமான சட்டம் 1990இல் வந்தது.

சரித்து அமைத்த அந்த விளிம்புக் கற்களால் பயன்பெற்றவர் சக்கர நாற்காலியர் மட்டுமா? குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாய், சுமை இழுக்கும் தொழிலாளி, மூட்டு வலியால் வருந்தும் முதியவர், கால் முறிந்து கட்டுப் போட்ட விளையாட்டு வீரர் என அனைவரும் பயன்பெற்றனர். இன்று வலுவோடு ஓடும் நாமும் நாளை முதியோர் ஆவோம். ஆகவே இது பிறர்க்குச் செய்யும் தருமம் மட்டுமன்று.

சட்டம் சொல்வது

இந்தியா இது குறித்து 1995இல் ஒரு சட்டம் இயற்றியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2007இல் ஏற்றது. 2016இல் புதிய உரிமைச் சட்டம் வந்தது. பழைய சட்டத்தில் 7ஆக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆயின. கல்வி நிறுவனங்களின் கட்டடமும் வளாகமும் எல்லார்க்கும் எளிதில் பயன்பட வேண்டும் என்றும், பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் சீர்செய்ய வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. ஐந்தாண்டுகள் 2022இல் முடிந்தன.

பார்வையற்ற ஒருவர் 2005இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. அணுக்கத்திற்கான அளவுகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கு முரணானது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ‘செய்யலாம்’ என்பதற்கும் ‘செய்ய வேண்டும்’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவு எத்துணைப் பெரிது என்பதைத் தமிழ் படித்த நமக்கு விளக்கவும் வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கவை

பேருந்து வாங்குவது அரசின் வேலை. மாணவராகிய நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். பணமே தேவைப்படாத செயல்கள் சில உள.

முதலாவது, கால அட்டவணை. மாடி ஏற இயலாத மாணவர் ஒருவர் ஒரு வகுப்பில் இருந்தால், அவ்வகுப்பைத் தரைத்தளத்திற்கு மாற்ற ஒரு தாளும் பேனாவும் போதும். மின்தூக்கிக்கு நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேர்வு அறைக்கும் இது பொருந்தும். பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் அடுத்த பருவத்திலேயே நடக்கக்கூடியது இது.

இரண்டாவது, அளவெடுத்தல். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அளவு நாடாவுடன் ஒரு நாள் புறப்படட்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து கல்லூரி வாசல், வகுப்பறை, நூலகம், உணவகம், கழிவறை வரை படிகளின் எண்ணிக்கை, உயரம், கதவின் அகலம் ஆகியவற்றைக் குறித்து முதல்வரிடம் அளிக்கட்டும். இப்பணியில் மாற்றுத்திறனாளி மாணவர்களே தலைமை ஏற்க வேண்டும். எந்தக் கல் இடறுகிறது என்பது நடப்பவர்க்குத்தானே தெரியும்? அதே பட்டியலைப் போக்குவரத்துக் கழகக் கிளைக்கும் நகராட்சிக்கும் அனுப்பலாம். ஊரில் உள்ளோர் கிராம சபையில் வைக்கலாம். “வசதி இல்லை” என்னும் முறையீட்டுக்கு விடை சொல்லாமல் இருந்துவிடலாம். “வாசற்படி 22 சென்டிமீட்டர், கதவு 70 சென்டிமீட்டர்” என்னும் முறையீட்டுக்கு அவ்வாறு இருக்க முடியாது.

மூன்றாவது, பழக்கம். நடைபாதையில் வண்டியை நிறுத்தாமை, ஒதுக்கிய இருக்கையில் அமராமை, உதவும் முன் “உதவட்டுமா?” என்று கேட்டல். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுப்பது உதவியாகாது. நம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளக் கொடுப்பதே முறை.

முடிவுரை

2022 நவம்பரில் சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கென மரப்பாதை திறக்கப்பட்டது. மணலைக் கடக்க இயலாமல் தொலைவிலேயே நின்றவர்கள் அலையின் அருகே சென்றனர். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது, மீண்டும் செப்பனிட்டனர். அணுக்கம் என்பது ஒரு நாள் திறப்பு விழாவோடு முடிவதன்று. நாள்தோறும் பேணப்பட வேண்டியது என்பதை அப்பாதை நமக்குக் கற்பிக்கிறது.

ஆண்டுதோறும் நம் கல்லூரிக்குப் புதிய மாணவர்கள் விண்ணப்பிக்கின்றனர். இடம் கிடைத்தும் ஏறிவரப் பாதை இல்லாமையால் எத்தனை பேர் வீட்டிலேயே தங்கிவிட்டனர் என்பதை எந்த வருகைப் பதிவேடும் கூறாது. வராதவர் பெயர் அதில் இருப்பதில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே பாதையைச் செப்பனிட்டு வைப்போம்.